தோல் முதலாளி இம்ரி கொண்டுவந்த தண்ணீர்

ஆண்ட்ரூ இம்ரி எங்கள் ஊருக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. ஒரு வண்டி நிறையப் பச்சைத்தோல், ஒரு கிழட்டு நாய், இவை தவிர அவரிடம் வேறெதுவும் இல்லை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டவர்களுக்கு, "மேற்க இருந்து" என்று மட்டும் சொன்னார். மேற்கே மலை இருக்கிறது, காடு இருக்கிறது, சிறைச்சாலைகூட இருக்கிறது. எங்கள் இன்வர்டோரியில் ஒருவனுடைய பாட்டனார் பெயர் தெரியாவிட்டால் அவனுக்கு உட்கார நாற்காலி போட மாட்டோம். இவர் தகப்பனார் பெயரையே சொல்லவில்லை. ஊர் சந்தேகப்பட்டது. அது எங்களுக்குச் சிரமமில்லாத வேலை.

நான் ராபர்ட் டுதி. ராப் என்றால்தான் யாருக்கும் தெரியும். சந்தைத் தெருவில் பூட்ஸ் தைக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் தங்கை இஷ்பல்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். கடைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் வாயாடுவேன் என்று அவள் திட்டுவாள். உண்மைதான். ஊசி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும்.

நொடித்துப்போய்க் கிடந்த பழைய தோல் பட்டறையை இம்ரி எடுத்தார். ஐந்தே வருடத்தில் அதைச் சீராக்கிவிட்டார். குதிரைச் சேணத்துக்குத் தோல், பூட்ஸுக்கு அடித்தோல் என்று டண்டீவரைக்கும் அவர் சரக்கு போயிற்று. நூற்று நாற்பது பேருக்கு அங்கே வேலை. ஓக் மரப்பட்டையைப் பொடித்து ஊறப்போடுகிற வேலையில் அவர் கைகள் எப்போதும் பழுப்பாக இருக்கும். அதனால் ஊர் அவருக்கு "பட்டை" என்று பெயர் வைத்தது. முகத்துக்கு நேரே மிஸ்டர் இம்ரி, முதுகுக்குப் பின்னால் பட்டை.

தோல் நல்ல தோல். அதை நான் மறுக்க மாட்டேன். ஆளைத்தான் பிடிக்கவில்லை. எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பார். "இன்னைக்கு மழை வருமா, மிஸ்டர் இம்ரி?" என்றாலும் அதே நிறுத்தம். மழைக்குப் பதில் சொல்ல இவ்வளவு யோசிக்கிற மனிதன் மனதில் என்ன வைத்திருக்கிறானோ என்று எனக்குத் தோன்றும்.

1879ஆம் வருடக் குளிர்காலத்தில் ஊரில் குடல் காய்ச்சல் வந்தது. நவம்பரில் தொடங்கி பிப்ரவரியில்தான் அடங்கியது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். டாக்டர் கெட்ட காற்று என்றார். துறைமுகத்தில் அழுகிய மீன் என்றார் பாதிரியார். நாங்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, காய்ச்சல்காரர்களுக்கு வாய் வறளாமலிருக்கச் சந்தைக் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்தோம். இஷ்பல் இருபத்திரண்டு நாள் கிடந்தாள். ஜனவரி ஒன்பதாம் தேதி போய்விட்டாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. கடைசி இரண்டு நாளும் தண்ணீர் தண்ணீர் என்றுதான் கேட்டாள். நான்தான் கொடுத்தேன்.

அதற்கப்புறம் இம்ரி மாறினார். அதுவரை பட்டறை, வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று இருந்தவர், திடீரென்று நகர மன்றத் தேர்தலுக்கு நின்றார். எதற்கு? சம்பளமில்லாத வேலை, வாரத்துக்கு மூன்று கூட்டம், ஊரெல்லாம் வசவு. தொழில் நன்றாக ஓடுகிற ஒருவன் எதற்காக இதைத் தலையில் போட்டுக்கொள்வான்?

"அவனுக்கு ஏதோ வேணும்," என்றாள் பெட்டி ஸ்கீன். மீன் உலர்த்துகிறவள், காய்ச்சலில் கணவனைப் பறிகொடுத்தவள். கிழிந்த பூட்ஸோடு என் கடையில் நின்றுகொண்டிருந்தாள். "சும்மா ஒருத்தன் நம்ம சாக்கடையைப் பத்திப் பேசுவானா ராப்? நீயே சொல்லு."

"அவன் எல்லார் வீட்டுக்கும் போறானாமே, ஓட்டுக் கேட்டு."

"எங்க வீட்டுக்கும் வந்தான். டீ போட்டுக் குடுத்தேன். கோப்பையைக் கையில வச்சுக்கிட்டே அரைமணி நேரம் பேசினான். ஒரு வாய் குடிக்கல. ஆறிப்போன டீயை அப்படியே வச்சிட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக் கோப்பை அவ்வளவு அழுக்கா?"

அதை நானும் பார்த்திருந்தேன். யார் வீட்டிலும் அவர் எதையும் குடிக்க மாட்டார். பெருமை என்றார்கள். விஷம் வைப்பார்களோ என்ற பயம் என்று ஒருவன் சொன்னான். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

ஆனாலும் அவர் ஜெயித்துவிட்டார். பட்டறை ஆட்களின் ஓட்டு அவருக்கு இருந்தது. அடுத்த வருடமே நானும் நின்றேன். "பட்டையைப் பக்கத்துல உக்காந்து கவனிக்க ஒரு ஆள் வேணும்" என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டேன். நிறைய ஓட்டு விழுந்தது.

1884இல் அவரை நகரத் தலைவராக, எங்கள் வழக்கில் புரோவஸ்டாக, தேர்ந்தெடுத்தார்கள். கழுத்தில் சங்கிலியை மாட்டிய மறு வாரமே தண்ணீர்த் திட்டத்தை எடுத்தார். ஒன்பது மைல் தள்ளி மலைமேல் இருக்கிற ஸ்கோரா ஏரியிலிருந்து குழாய் போட்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், சந்தைக் கிணற்றை மூட வேண்டும் என்றார்.

அந்தக் கிணறு முந்நூறு வருடக் கிணறு. சாராயம் காய்ச்சுகிற க்ளென்னி மன்றத்தில் எழுந்து மேசையைத் தட்டினார்.

"புரோவஸ்ட், எங்க அப்பன் குடிச்ச தண்ணி, அவங்க அப்பன் குடிச்ச தண்ணி. அதுக்கு என்ன குறை? தோல் ஊறப்போட உங்களுக்கு நிறையத் தண்ணி வேணும். அதுக்கு ஊர் வரி கட்டணுமா?"

இம்ரி வழக்கம்போல நின்று நிதானித்தார். "என் பட்டறைக்கு ஆத்துத் தண்ணியே போதும்" என்றார்.

"அப்போ குழாய் ஏன் உங்க பட்டறை வாசல் வழியா வருது?"

இது என் கேள்வி. வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்பப் பெருமை.

"சரிவு அப்படி, ராப்."

"சரிவுக்கு உங்க வீட்டு விலாசம் தெரியுமோ?"

மன்றம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதுவே என்னை இன்னும் உறுத்தியது. மறு நாள் கடையைச் சாத்திவிட்டு ஏரிவரைக்கும் நடந்தே போனேன். அந்த ஏரியும் நிலமும் யாருடையது என்று விசாரித்தேன். இம்ரியினுடையதாகவோ அவர் நண்பர்களுடையதாகவோ இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். அது ஒரு கிழட்டு ஜமீன்தாருடையது. இம்ரி பெயரைச் சொன்னதும் அவர் நாயை அவிழ்த்துவிடப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் சரிவையும் பார்த்தேன். குழாய் அந்த வழியாகத்தான் வர முடியும். கொப்பளித்த கால்களோடு வீட்டுக்கு வந்து, இதைவிட ஆழமாக எதையோ ஒளித்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

இரண்டு வருடம் இப்படியே இழுத்தது. மன்றத்தில் பதின்மூன்று பேர். திட்டத்துக்கு ஆறு, எதிராக ஏழு. அந்த ஏழில் நான் ஒருவன். 1886 மே மாதம் கடைசி ஓட்டெடுப்பு என்று தேதி குறித்தார்கள்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை அடித்தோல் பொறுக்குவதற்காகப் பட்டறைக்குப் போனேன். முற்றத்தில் மேஸ்திரி மௌவட் ஒரு புது ஆளைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆள் சந்தைக் கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்திருந்தான்.

"அதைக் கீழ கொட்டு! இந்த வாசலுக்குள்ள அந்தத் தண்ணி வரக் கூடாது. பீப்பாயில மலை ஓடைத் தண்ணி இருக்குல்ல? அதைக் குடி."

"ஏன், அதுல என்ன வந்தது?"

"முதலாளி உத்தரவு. அந்தக் குளிர்காலத்துக்கு அப்புறம் இங்க அதான் சட்டம்."

நான் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தேன். "எந்தக் குளிர்காலம், மௌவட்?"

அவன் என்னைப் பார்த்தான். அதுவரை நான் அங்கே நிற்பதை அவன் கவனிக்கவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. "வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பட்டறை ஆட்களுக்கு வண்டியில் ஓடைத் தண்ணீர் வருவது ஊருக்கே தெரியும். ஆட்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள இம்ரி செய்கிற தந்திரம் என்று பேசிக்கொள்வோம். அது எப்போது தொடங்கியது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ணினேன். காய்ச்சல் அடங்கிய அடுத்த மாதம்.

முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். முன்பு ஆட்களுக்கான கழிப்பறைகள் மதிலோரம் இருந்தன. இப்போது அவை ஆற்றுப் பக்கம் போயிருந்தன. பழைய இடத்தில் தரைக்கல் பாவியிருந்தது. மற்ற கல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்க, அந்தச் சதுரம் மட்டும் சொரசொரப்பாகப் புதிதாக இருந்தது. அங்கிருந்து மதில் கதவைத் தாண்டி நேராக நடந்தேன். நாற்பத்திரண்டாவது அடியில் என் கை சந்தைக் கிணற்றின் சுவரில் பட்டது.

அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரோ ஒரு பெண், "ராப், தள்ளு, தண்ணி எடுக்கணும்" என்றாள். எடுக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை.

நேரே இம்ரி வீட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். அவர் மனைவி கிரிஸல் கதவைத் திறந்தாள். நான் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். மேசையில் பார்லி சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கிரிஸல், நீ கொஞ்சம் உள்ள போ" என்றார்.

"அவங்க இருக்கட்டும். அவங்களுக்கும் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியும் ராப்," என்றாள் அந்த அம்மாள். உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க சாக்கடை," என்றேன். "உங்க பட்டறைக் கழிப்பறைச் சாக்கடை."

இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை. "ஆமா. மண்குழாய் உடைஞ்சிருந்தது. பனி உருகினப்ப முத்தத்துல தரை உள்வாங்கிச்சு. தோண்டிப் பார்த்தேன். எல்லாம் கிணத்துப் பக்கமா ஊறிக்கிட்டிருந்தது. எத்தனை மாசமா ஊறிச்சுன்னு தெரியாது. அது மார்ச் மாசம். காய்ச்சல் அதுக்குள்ள அடங்கிடுச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நானும் மௌவட்டும் அடைச்சோம். இடத்தை மாத்தினேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இவகிட்ட."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா பட்டறையை மூடிடுவாங்க, நூத்து நாப்பது குடும்பம் தெருவுல நிக்கும்னு நினைச்சேன்." தன் பழுப்புக் கைகளைப் பார்த்துக்கொண்டார். "இத்தனை வருஷமா எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஆனா உண்மை அது இல்ல ராப். பயந்துட்டேன். அவ்வளவுதான்."

அவரை அடிக்கத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். கை எழவில்லை.

"ஆறு வருஷம் அதே தண்ணியை எங்களைக் குடிக்க விட்டீங்க. நீங்க ஒரு வாய் தொடல."

"மூணு மாசத்துக்கு ஒருதடவை ஒரு சீசால எடுத்து அபர்டீன்ல தண்ணி பரிசோதிக்கிறவருக்கு அனுப்பினேன். வேற பேர்ல. நாலு வருஷம் நல்லாத்தான் இருந்தது. அதை நம்பிக் குடிக்க எனக்கு மட்டும் தைரியம் வரல. போன ரெண்டு வருஷமா மறுபடி கெட்டுப்போச்சு. இந்தத் தடவை என் சாக்கடை இல்ல. ஊர்ல இருக்கிற எல்லாக் குப்பைக்குழியும் அதுலதான் ஊறுது. இன்னொரு குளிர்காலம் அந்த மாதிரி வரும். அதுக்குத்தான் ஏரித் தண்ணி."

உள்ளேயிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்துவந்து வைத்தார். அபர்டீன்காரர் எழுதிய பதில்கள். நான் படித்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், போலி ஏதாவது தெரிகிறதா என்று. அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் புத்தி.

ஊரில் போய் உடனே சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். இம்ரி தொலைவார். அவரோடு குழாயும் தொலையும். க்ளென்னி கிணற்றடியில் நின்று, "பாத்தீங்களா, உடைஞ்ச சாக்கடையை அடைச்சாச்சு, கிணறு இப்ப சுத்தம்" என்று ஒரு குவளை குடித்துக் காட்டுவார். சொல்லாமல் ஓட்டுப் போட்டால் நான் இஷ்பலுக்கு என்ன அண்ணன்?

"நான் உங்களுக்கு ஓட்டுப் போடறேன்," என்றேன். "ஆனா ஏரித் தண்ணி ஊருக்குள்ள வர்ற அன்னைக்கு, அத்தனை பேர் முன்னாடி, நீங்களே சொல்லணும். செத்தவங்க ஒருத்தர் பேரும் விடாம."

"சொல்றேன்."

"எழுதிக் குடுக்கிறீங்களா?"

"எழுதிக் குடுத்தா நம்புவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் காகிதம்?" என்றார்.

ஓட்டெடுப்பில் நான் கையைத் தூக்கியபோது க்ளென்னி மறுபடி எண்ணச் சொன்னார். ஏழுக்கு ஆறு. மறு நாளே ஊர் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. இத்தனை காலம் இம்ரி மேல் இருந்த சந்தேகத்தில் பாதி என் தலையில் வந்து இறங்கியது. பெட்டி ஸ்கீன் கடை வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"எத்தனை தோல் குடுத்தான் ராப்?"

"ஒண்ணும் குடுக்கல."

"ரெண்டு வருஷம் குரைச்ச நாய் ஒரு நாள்ல வாலை ஆட்டுதுன்னா, எலும்பு போட்டிருக்கான்னுதானே அர்த்தம்?"

"பெட்டி, ஒரு நாள் உனக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

பதில் சொல்வதற்குமுன் நான் ஒரு மூச்சு விடும் நேரம் நின்றேன். நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு, பூட்ஸைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனாள். அவளைப்போல முப்பது பேராவது போனார்கள்.

குழாய் போட இரண்டு வருடமாயிற்று. அந்த இரண்டு வருடமும் நான் இம்ரியை விடவில்லை. அவர் அபர்டீனுக்கு ரயிலேறினால், திரும்புகிற வரை ஒவ்வொரு ரயிலுக்கும் ஏதாவது சாக்கில் நிலையத்துக்குப் போவேன். அமெரிக்காவுக்கு ஓடிவிட்டால்? பட்டறையை விற்கப்போகிறார் என்று ஒரு வதந்தி வந்தபோது மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று மன்றத்தில் அவர் ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டச் சொன்னார். நானும் வீடு வீடாகச் சொன்னேன். பாதிப் பேர் கேட்டார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி ஆபத்தான நிலைக்குப் போய்விட்டது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் போனேன். ராப் டுதி பரவாயில்லை, நல்ல மனசு என்று பாதிரியார் சொன்னாராம். நான் எதற்குப் போனேன் என்று படுத்திருந்தவருக்குத் தெரியும்.

"பயப்படாத," என்றார், கண்ணைத் திறக்காமலே. "சொல்லாம சாக மாட்டேன்."

"செத்துட்டா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"அதான் சூப்பைக் குடிச்சுக்கிட்டிருக்கேன்." சிரித்தாரோ இருமினாரோ, தெரியவில்லை.

1888 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, தண்ணீர் வந்தது. சந்தையில் சிவப்புக் கல்லில் ஒரு குழாய் மேடை கட்டியிருந்தார்கள். முகப்பில் அவர் பெயரைச் செதுக்கியிருந்தார்கள். வேண்டாம் என்று அவர் மூன்று தடவை சொன்னதை நானே கேட்டேன். அடக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். வாத்தியக்காரர்கள், கொடிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஊரே நின்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட க்ளென்னிதான் வெள்ளிக் கோப்பையை நீட்டினார். முன்வரிசையில் நான் நின்றேன். இந்த ஆள் சொல்லப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் யார் சொல்வார்கள்? அவர் தொடங்காவிட்டால் நானே மேடையேறுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் முதலில் மண்ணிறமாகத் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அவர் கோப்பையை நிரப்பினார், குடிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இதுல என் பேரைப் போட்டிருக்கீங்க. இதைக் கேட்டுட்டு அது இருக்கணுமான்னு முடிவு பண்ணுங்க" என்று தொடங்கினார். சாக்கடை, மண்குழாய், மார்ச் மாதம், எல்லாவற்றையும் சொன்னார். எட்டு வருடம் வாய் திறக்காததையும் சொன்னார். பயம்தான் காரணம் என்றார். நூற்று நாற்பது குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் பெயர்களைச் சொன்னார். கையில் காகிதம் இல்லை. இறந்த வரிசையிலேயே பத்தொன்பது பேரையும், அவர்கள் குடியிருந்த தெருவோடு சொன்னார். "இஷ்பல் டுதி, சந்தைத் தெரு" என்று வந்தபோது என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியக்காரர்களில் ஒருவன் எக்காளத்தை உதட்டுக்குக் கொண்டுபோய், பிறகு மெல்லக் கீழே இறக்கினான். கூட்டத்திலிருந்து பெட்டி ஸ்கீன் வெளியே வந்தாள். கையில் வாளி. அவள் கணவன் பெயர் ஆறாவது. நேரே அவரிடம் போனாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"தள்ளு," என்றாள். "தண்ணி உன்னுது இல்ல."

அவர் ஒதுங்கினார். அவள் வாளியை நிரப்பிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் பாத்திரத்தோடு வந்தார்கள்.

அன்று மாலையே சங்கிலியை மன்றத்தில் கழற்றி வைத்துவிட்டார். பட்டறை ஜன்னல் ஒன்றுகூட மிஞ்சாமல் கல்லெறிந்தார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து இரண்டு நாள் விசாரித்தார். எட்டு வருடத்துக்கு முன்பு உடைந்த குழாய்க்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்று தெரியாமல் போய்விட்டார். குழாய் மேடையில் இருந்த பெயரை உளி வைத்துக் கொத்தி எடுத்தார்கள். பட்டறையை யாரும் மூடச் சொல்லவில்லை. ஆட்கள் மறு நாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனார்கள், அவரோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

என்னையும் விட்டுவிடவில்லை. "உனக்கு ரெண்டு வருஷமா தெரியுமா?" என்று க்ளென்னி மன்றத்தில் கேட்டார். தெரியும் என்றேன். அந்த நவம்பரில் என் ஓட்டெல்லாம் காற்றில் போயிற்று. நியாயம்தான். ஆனால் பெட்டி மட்டும் அதே மாதம் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "அடி தேஞ்சிருக்கு" என்றாள்.

இம்ரி அத்தோடு வீட்டில் முடங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த வருடமே சாதாரண உறுப்பினர் பதவிக்கு நின்றார். பதினொரு ஓட்டு விழுந்தது. அதற்கடுத்த வருடம் மறுபடி நின்றார், மறுபடி தோற்றார். வெட்கமே இல்லையா என்று ஊர் கேட்டது. நானும் கேட்டேன், தெருவில் நிறுத்தி.

"மறுபடியும் எதுக்கு? பேரை மறுபடி கல்லுல போடவா?"

"குழாய் வந்தாச்சு. குப்பைக்குழியும் சாக்கடையும் அப்படியேதான் கிடக்கு. உடைஞ்ச மண்குழாய் எப்படி இருக்கும்னு என்னைவிட இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"இதையும் நம்பணுமா?"

"நம்ப வேண்டாம். பின்னாலயே வந்து பாரு."

மூன்றாவது தடவை நாலு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த நாலில் என் ஓட்டு இல்லை. ஆனால் பின்னால் போனேன். சாக்கடைக் கமிட்டியில் அவர் ஆறு வருடம் இருந்தார். ஊரில் ஒரு தெருகூட விடாமல் தோண்டினார். முழங்கால்வரை சேற்றில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்ப்பார். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஒரு இடத்தில் கசிவு இருக்கிறது என்று நான் சொல்லி, அவர் இல்லை என்று சொல்லி, மறுபடி தோண்டினால் நான் சொன்னதே சரியாக இருந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்குப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. அதன்பிறகு எந்தக் குழியை மூடுவதற்கு முன்பும், "ராப் பாத்தாச்சா?" என்று கேட்பார்.

1897 பிப்ரவரியில் அப்படி ஒரு குழியில் நனைந்து, பழைய நெஞ்சுச் சளி திரும்பி, நாலே நாளில் போய்விட்டார். ஐம்பத்தைந்து வயது. நான் பார்க்கப் போவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் ஊர் வழக்கப்படி சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. எந்தக் கயிறு யாருக்கு என்று எண் போட்ட அட்டை வீட்டிலிருந்து வரும். மகன், தம்பி, நெருங்கிய சொந்தம், நெருங்கிய சினேகிதன், அந்த வரிசை. என் கடைக்கு ஓர் அட்டை வந்தது. மூன்றாம் எண். தவறாக வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிரிஸலிடம் போனேன்.

"தப்பு இல்ல ராப். அவரே எழுதி வச்ச பட்டியல். போன வருஷமே எழுதிட்டார்."

"எதுக்கு என்னை?"

"பேர் மட்டும்தான் எழுதியிருந்தார்."

"நான் அவரை மன்னிக்கல, அம்மா. அது அவருக்கும் தெரியும்."

"தெரியும்," என்றாள். "கயிறைப் பிடிக்க முடியாதுன்னா சொல்லுங்க, மௌவட்டைப் பிடிக்கச் சொல்றேன்."

எதற்காக என்னைப் போட்டார் என்று அன்றைய பொழுது முழுக்க யோசித்தேன். நன்றியா? ஊர் முன்னால் நான் மன்னித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவா? செத்த பிறகும் என்னை வைத்து ஏதோ காரியம் சாதிக்கிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை. அடக்க நாளான வியாழக்கிழமை கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் எண் கயிறு அவருடைய தோள்பக்கம். ஈரத்தில் அது வழுக்கியது. இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டேன். மெலிந்து போயிருந்த மனிதர், ஆனாலும் கனம் தோளை இழுத்தது. எதிர்ப்பக்கத்துக்காரன் அவசரப்பட்டான். "மெல்ல, மெல்ல" என்றேன். சவப்பெட்டி சாயாமல் இறங்கி அடியில் உட்கார்ந்தது. கயிற்றை உள்ளே விட்டுவிட்டு நகர்ந்தேன்.

கல்லறைத் தோட்ட வாசலில் பெட்டி ஸ்கீன் சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். பெண்கள் குழிவரை வருவது வழக்கமில்லை.

"ஒழுங்கா இறக்கினியா?" என்று கேட்டாள்.

"நேரா இறக்கினேன்."

"சரி, வா. நனையுது," என்றாள். இருவரும் சந்தைத் தெருப் பக்கமாக இறங்கி நடந்தோம்.